புகை கூடாது, மணி அடிக்கலாம்

போன வாரம் நான் வேலை பார்த்த கல்லூரியிலிருந்து ஒரு போன் வந்தது. பேசியவர், உயிரணுக்களை வளர்க்கும் எங்கள் செல் ஆய்வகத்தில் புதிதாகச் சேர்ந்திருக்கும் டெக்னீஷியன்.

"சார், லேப்ப புது பில்டிங்குக்கு மாத்துறோம். பழைய ஆசிட் ரூம் கதவுல ஒரு நோட்டீஸ் ஒட்டியிருக்கு. கிழிச்சிடலாமான்னு கேட்டா, கலியபெருமாள் சாரக் கேக்காம தொடக்கூடாதுன்னு எல்லாரும் சொல்றாங்க. அதான் உங்களுக்கே போன் போட்டேன்."

எனக்குச் சிரிப்புப் பொத்துக்கொண்டு வந்தது. அந்த நோட்டீஸ் எனக்கு மனப்பாடம். நாலே வரி.

இந்த அறைக்குள் சாம்பிராணி காட்டக் கூடாது.
ஊதுபத்தி கொளுத்தக் கூடாது.
கற்பூரம் ஏற்றக் கூடாது.
மணி அடிக்கலாம்.

"மொத மூணு வரி புரியுது சார். ஆசிட் இருக்கிற ரூம், நெருப்புக் கூடாது. நாலாவது என்ன சார்? அது மட்டும் பச்சை மையில வேற கையெழுத்தா இருக்கு. யாரு சார் எழுதுனது?"

"தம்பி, அது போன்ல சொல்ற விஷயமில்ல. நான் எழுதியே அனுப்புறேன். அதுவரைக்கும் கை வெச்சிராதீங்க" என்றேன். அதற்காகத்தான் இதை எழுதுகிறேன். எழுத உட்கார்ந்ததிலிருந்து நானே சிரித்துக்கொண்டிருக்கிறேன். என் மனைவி வசந்தா இரண்டு தடவை வந்து எட்டிப் பார்த்துவிட்டுப் போய்விட்டாள்.

என்னைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். நன்னிலத்துக்குப் பக்கத்துக் கிராமம். அப்பா ஒரு பண்ணையில் பம்புசெட்டு மோட்டார் பார்த்தவர். நான் ஐ.டி.ஐ. முடித்து, நன்னிலம் கடைத்தெருவில் ஒரு லேத் பட்டறையில் அறுவடை இயந்திரங்களுக்குத் தேய்ந்துபோன உருளைகளைக் கடைந்து கொடுத்துக்கொண்டிருந்தேன். பிறகு தஞ்சாவூரில் இந்தக் கல்லூரியின் ஒர்க்‌ஷாப்பில் வேலை கிடைத்தது. இரும்பு, பித்தளை, அலுமினியம் என்று எது வந்தாலும் கடைவேன். முகம் தெரிகிற மாதிரி பளபளப்பாக்கிக் கொடுப்பதில் எனக்குக் கொஞ்சம் தலைக்கனமே உண்டு.

ஒருநாள் எஸ்தர் மேடம் ஒர்க்‌ஷாப்புக்கு வந்தார். தரங்கம்பாடிக்காரர். செல் ஆய்வகத்தின் தலைவர். கையில் விரல் தடிமனில் ஒரு சாம்பல் நிறக் கம்பி.

"இது டைட்டானியம். இடுப்பெலும்பு உடைஞ்சா, பல்லு போனா, உள்ள வைக்கிற உலோகம் இதுதான். இத ஒரு ரூபாக் காசு மாதிரி தட்டுத் தட்டா வெட்டித் தரணும். முடியுமா?"

முடியுமாவா! டைட்டானியம் லேசில் மசியாது. வேகமாக ஓட்டினால் சூடேறி உளியைத் தின்றுவிடும். மெதுவாக ஓட்டி, தண்ணீர் விட்டு விட்டு வெட்டி, உப்புத்தாளை முரட்டு ரகத்திலிருந்து நைஸ் ரகம் வரைக்கும் ஒன்றன்பின் ஒன்றாகப் போட்டு இரண்டு நாள் தேய்த்தேன். என் மீசையில் எத்தனை நரை என்று அந்தத் தட்டில் எண்ணலாம். துணியில் சுற்றி எடுத்துக்கொண்டு போய்க் கொடுத்தேன். மேடம் வாங்கிப் பார்த்துவிட்டு "ம்" என்றார். அவ்வளவுதான். எனக்குச் சப்பென்று ஆகிவிட்டது.

நாலு நாள் கழித்துக் கூப்பிட்டு அனுப்பினார். "உங்க தட்டுல செல் வெச்சோம். அழகா இருக்கு. ஆனா அதுங்களுக்குப் பிடிக்கல" என்றார்.

"எதுங்களுக்கு மேடம்?"

"செல்லுக்கு. எலும்ப உண்டாக்குற செல்லு. கழுவுனா அங்கொண்ணும் இங்கொண்ணுமாத்தான் நிக்குது. நின்னதும் ஒப்புக்கு நிக்குது. இவ்வளவு வழவழப்பா இருந்தா அது எதப் பிடிச்சிக்கும்?"

இத்தனை வருடம் வழவழப்பாக்கியே பேர் வாங்கியவனிடம் சொல்கிற பேச்சா இது! அப்புறம் மேடம் சொல்லச் சொல்லச் செய்தேன். தட்டின்மேல் பொடி மணலைக் காற்றின் வேகத்தில் அடித்துச் சொரசொரப்பாக்கினேன். பிறகு சூடான ஆசிட்டில் அளந்த நேரம் முக்கி எடுத்து, காய்ச்சி வடித்த நீரில் அலசினேன். ஆசிட் அரித்த தட்டு, பார்வைக்கு அழுது வடிந்தது. பளபளப்பு போய்ச் சாம்பல் பூத்துக் கிடந்தது. எனக்குக் கொடுக்கவே கூச்சமாக இருந்தது.

அந்தத் தட்டில் வளர்ந்த செல்லைத்தான் எஸ்தர் மேடம் முதன்முதலில் எனக்கு மைக்ராஸ்கோப்பில் காட்டினார். சாயம் ஏற்றி, தனி விளக்கு ஒளியில் பார்க்க வேண்டும். கறுப்புப் பரப்பில் பச்சைப் பச்சையாக, ஒவ்வொன்றும் தட்டையாகப் படுத்துக்கொண்டு, நாலு பக்கமும் கால் நீட்டி, அந்தச் சொரசொரப்பில் இருக்கிற குழியையும் மேட்டையும் கெட்டியாகப் பிடித்துக்கொண்டிருந்தது. நான் வெட்டின தட்டு! நான் அரித்த குழி! அதில் உயிர் வந்து உட்கார்ந்திருக்கிறது! எனக்குத் தலைகால் புரியவில்லை. சத்தமாகச் சிரித்துவிட்டேன். ஓடிப்போய் வசந்தாவுக்குப் போன் போட்டு, "வசந்தா, அதுங்களுக்குக் கால் இருக்குடி!" என்றேன்.

"சாப்பாட்டுக்கு வருவீங்களா, மாட்டீங்களா?" என்றாள் அவள்.

அன்றிலிருந்து நான் பாதி ஒர்க்‌ஷாப் ஆள், பாதி செல் ஆய்வக ஆள். பிறகு முழுக்க அங்கேயே மாற்றிவிட்டார்கள். ஆய்வகத்தை ஒட்டி ஒரு சின்ன அறை. அதில்தான் லேத், மணல் அடிக்கும் பெட்டி, ஆசிட் புகையை வெளியே இழுக்கும் கூண்டு எல்லாம். அந்த அறைக் கதவுதான் இந்தக் கதவு.

எஸ்தர் மேடத்தைப் பற்றி இரண்டு விஷயம் சொல்லியாக வேண்டும். முதலாவது, அவருடைய கோட்டுப் பையில் எப்போதும் ஒரு சொட்டுக்குழாய் இருக்கும். எந்தத் தட்டைப் பார்த்தாலும் ஒரு சொட்டுத் தண்ணீர் வைத்துக் குனிந்து பார்ப்பார். ஆசிட்டில் அரித்த புதுத் தட்டில் தண்ணீர் வைத்த மாத்திரத்தில் பரவிவிடும். பரவினால் நல்ல தட்டு. செல்லும் பிடிக்கும். சேம்பு இலையில் நிற்கிற மாதிரி உருண்டு நின்றால் தட்டில் ஏதோ பிசுக்கு இருக்கிறது என்று அர்த்தம்.

இரண்டாவது, அவர் யாரையும் திட்டமாட்டார். ஏதாவது கெட்டுப்போனால், செய்தவரைக் கூப்பிட்டு, "வெறுங்கையில செஞ்சு காட்டுங்க" என்பார். பாத்திரம் இல்லை, மருந்து இல்லை. காற்றில் மூடியைத் திறக்க வேண்டும், காற்றில் ஊற்ற வேண்டும். ஒரு மாணவனின் செல்லில் திரும்பத் திரும்பப் பூஞ்சை வந்துகொண்டிருந்தது. அப்படித்தான் அவனையும் நடிக்கவைத்தார். பாதியில் பையன் கையுறை போட்ட கையால் மூக்கைச் சொறிந்தான். மேடம் "ம்" என்றார். அவனுக்கே புரிந்துவிட்டது. வாய் மறந்துபோவதைக் கை மறக்காது என்பது மேடத்தின் கட்சி. இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

இப்போது கயல்விழியிடம் வருகிறேன். கோடியக்கரைப் பெண். அப்பா அம்மா இருவரும் உப்பளத்தில் வேலை பார்த்தவர்கள். பி.எச்டி. செய்ய எஸ்தர் மேடத்திடம் வந்தாள். துறுதுறு என்று இருப்பாள். என்னை "கலியண்ணே" என்பாள். இரண்டு ஆசிட்டை எந்த அளவில் கலந்து, எவ்வளவு சூட்டில், எவ்வளவு நேரம் அரித்தால் எலும்புச் செல் மிக நன்றாகப் பிடித்து வளரும் என்பதுதான் அவளுடைய ஆராய்ச்சி. தட்டு முழுக்க என் கைவேலை. கணக்கில்லாத தட்டுகள் வெட்டியிருப்பேன். கடைசியில் ஒரு கலவை கண்டுபிடித்தாள். செல் அதில் பாய் விரித்த மாதிரி படர்ந்தது.

ஆனால் எஸ்தர் மேடத்திடம் ஒரு சட்டம். வேறு வேறு நாளில், வேறு வேறு தட்டில், மூன்று முறை செய்து மூன்றிலும் ஒரே பதில் வந்தால்தான் கையெழுத்து. கயலுக்கு இரண்டு முறை வந்தாயிற்று. மூன்றாவது பாக்கி. அவளுக்கு ஏற்கெனவே கொடுத்த கால நீட்டிப்பு அடுத்த மாதக் கடைசியோடு முடிகிறது. அதற்கு மேல் நீட்டிக்கமாட்டோம் என்று எழுத்திலேயே வந்துவிட்டது. மூன்றாவது செட் சரியாக வந்தால் அவள் டாக்டர் கயல்விழி. வராவிட்டால் அத்தனை வருடமும் போச்சு, பதிவே ரத்து.

அந்தச் சமயம் பார்த்து ஆயுத பூஜை வந்தது.

பூஜைக்கு முதல் நாள் மூன்றாவது செட்டுக்கான தட்டுகளை அரித்து, அலசி, உலர்த்தி, மூடி போட்ட கண்ணாடிக் கிண்ணத்தில் வைத்துவிட்டேன். பூஜையன்று எந்தக் கருவியையும் தொடமாட்டோம். மறுநாள் விஜயதசமி. எதைத் தொடங்கினாலும் நன்றாக வரும் என்று கயலும் அன்றைக்கே செல் வைப்பதாக முடிவு செய்திருந்தாள்.

பூஜை என்றால் எங்கள் அறையில் நான்தான் எல்லாம். லேத்தைத் துடைத்துச் சந்தனம், குங்குமம் வைத்தேன். உளி, அளவுகோல், மணல் பெட்டி, ஆசிட் கூண்டு என்று ஒன்றையும் விடவில்லை. பொரி, கடலை, சுண்டல், வாழைப்பழம் வரிசையாக வைத்தேன். அன்று லீவு என்பதால் மேடமும் கயலும் வரவில்லை. ஒர்க்‌ஷாப் ஆட்கள் நாலைந்து பேர் வந்திருந்தார்கள். கீழவாசலில் வாங்கிய முதல் தரச் சாம்பிராணியை அள்ளி நெருப்பில் போட்டேன். புகை எழும்பியதும் எனக்கு ஒரு வேகம் வந்துவிடும். இடது கையில் மணி, வலது கையில் தூபக்கால். லேத்துக்கு மூன்று சுற்று. பெட்டிக்கு மூன்று சுற்று. அப்போது அந்தக் கண்ணாடிக் கிண்ணம் கண்ணில் பட்டது.

கயலின் கடைசிச் செட். இதற்குக் காட்டாமல் வேறெதற்குக் காட்டுவது?

எங்கள் அப்பா பம்புசெட்டுக்குப் பூஜை போடும்போது மோட்டாரின் மேல் மூடியைக் கழற்றிவிட்டுத்தான் தூபம் காட்டுவார். "மூடியோட காட்டுனா மூடிக்குத்தானடா பூஜை போட்ட மாதிரி ஆவும், மோட்டாருக்கு எப்பிடிப் போய்ச் சேரும்?" என்பார். எனக்கு அதுவே பழக்கம்.

கிண்ணத்தின் மூடியைத் திறந்தேன். பக்தியோடு, அழுத்தம் திருத்தமாக, மூன்று சுற்று. புகை நன்றாக உள்ளே இறங்கட்டும் என்று கொஞ்ச நேரம் தூபக்காலைக் கிட்டத்திலேயே பிடித்துக்கொண்டு நின்றேன். 'தாயே, இந்தப் புள்ளையக் கைவிட்டுடாத' என்று வாய்விட்டே சொன்னேன். மூடியை மூடினேன். எனக்கு அப்படி ஒரு திருப்தி!

விஜயதசமியன்று கயல் தட்டுகளை நீராவிச் சூட்டில் சுத்தப்படுத்திச் செல் வைத்தாள். நல்ல நேரம் முடிவதற்குள் வைக்க வேண்டும் என்கிற அவசரத்தில் தண்ணீர்ச் சொட்டுச் சோதனையைச் செய்யவில்லை. இரண்டு முறை சரியாக வந்த தட்டுதானே என்று எல்லோருக்கும் ஒரு தைரியம்.

மூன்றாம் நாள் கழுவிச் சாயமேற்றி மைக்ராஸ்கோப்பில் வைத்தாள். நான் பக்கத்தில் நின்று, பாய் விரித்ததைப் பார்க்க ஆவலாக இருந்தேன். அவள் தட்டை நகர்த்தினாள். மறுபடி நகர்த்தினாள். அடுத்த தட்டை வைத்தாள்.

"அண்ணே, ஒண்ணுமேயில்லண்ணே" என்றாள்.

நான் பார்த்தேன். கறுப்பு. அங்கங்கே ஒன்றிரண்டு செல், காலையெல்லாம் சுருக்கிக்கொண்டு உருண்டையாக, வந்த வீட்டில் உட்காரச் சொல்லாத விருந்தாளி மாதிரி நின்றுகொண்டிருந்தது.

கயல் எஸ்தர் மேடத்திடம் ஓடினாள். "மேடம், ரெண்டு செட்டு நல்லா வந்திருக்கு. அத மட்டும் போட்டுக்கக் கூடாதா?" என்று கேட்டே விட்டாள். கேட்கும்போதே அவளுக்கு அழுகை.

மேடம் அவளை உட்காரவைத்தார். "மூணாவது பொய் சொல்லுதா, மொத ரெண்டும் பொய் சொல்லுச்சான்னு தெரியாம எப்படிம்மா கையெழுத்துப் போடுவேன்? நாளைக்கு யாரோட இடுப்புலயோ வெக்கப் போற தட்டு இது" என்றார். பிறகு, செல் வைக்காமல் மீதியிருந்த ஒரே ஒரு தட்டை எடுத்து, பையிலிருந்த குழாயால் ஒரு சொட்டு விட்டார்.

சொட்டு பரவவில்லை. உருண்டு திரண்டு நின்றது.

"செல்லுல கோளாறு இல்ல. தட்டுலதான்" என்றார் மேடம்.

தட்டு என்றால் நான். என் ரிஜிஸ்டரைக் கொண்டுவந்து வைத்தேன். ஆசிட் அளவு, சூடு, முக்கின நேரம், எடுத்த நேரம், அலசிய தடவை என்று ஒரு வரி விடாமல் எழுதியிருந்தேன். முதல் இரண்டு செட்டுக்கும் மூன்றாவதுக்கும் இம்மியும் வித்தியாசம் இல்லை. "சத்தியமா நான் எதையும் மாத்தல மேடம். எப்படிச் செய்வேனோ அப்படியேதான் செஞ்சேன்" என்றேன். மனப்பூர்வமாகத்தான் சொன்னேன். பூஜை போட்டதை யாராவது ரிஜிஸ்டரில் எழுதுவார்களா? அது ஒரு வேலை என்றே எனக்குத் தோன்றவில்லை. நல்லது செய்ததை யார் குற்றப் பட்டியலில் தேடுவார்கள்?

மேடம் ஆசிட் அறைக்கு நடந்தார். கயலும் ஆய்வகத்துப் பிள்ளைகளும் பின்னாலேயே வந்தார்கள்.

"கலியபெருமாள், வெறுங்கையில செஞ்சு காட்டுங்க. ஆசிட்லேருந்து எடுத்ததுலேருந்து, கயல் கையில குடுத்த வரைக்கும்."

ஆரம்பித்தேன். காற்றில் இடுக்கியைப் பிடித்துத் தட்டை எடுத்தேன். வடிநீரில் அலசினேன், ஒரு தடவை, இரண்டு தடவை, மூன்று தடவை. உலர்த்தினேன். கிண்ணத்தில் வைத்தேன். மூடினேன்.

"அடுத்து?"

"வீட்டுக்குப் போயிட்டேன் மேடம்."

"அடுத்து?"

"மறுநா காலையில வந்தேன். லேத்தத் தொடச்சேன்."

துடைத்தேன். பொட்டு வைத்தேன். ஒரு பிள்ளை கிளுக்கென்று சிரித்தது. நான் கிண்ணத்தின் பக்கம் திரும்பினேன். என் இடது கை தானாக மேலே போய் ஆடியது. வலது கை காற்றில் மூடியைத் திறந்து ஓரமாக வைத்தது. வைத்துவிட்டு, எதையோ பிடித்த மாதிரி விரலை மடக்கிக்கொண்டு, சுற்ற ஆரம்பித்தது. ஒரு சுற்று. இரண்டாவது சுற்றில் என் கையை நானே பார்த்தேன். அது நிற்கவில்லை. மூன்றாவதையும் முடித்துவிட்டுத்தான் நின்றது.

கையும் களவுமாக மாட்டினவனைப் பார்த்திருப்பீர்கள். என்னைக் காட்டிக்கொடுத்ததே என் கைதான்.

மேடம் கேட்டார்: "சாம்பிராணியா?"

"ஆமா மேடம்."

"மூடியத் தொறந்துட்டா?"

"மூடியோட காட்டுனா மூடிக்குத்தான மேடம்..." என்று ஆரம்பித்தேன்.

சாம்பிராணி என்பது பிசின். அதன் புகையில் எண்ணெய்ப் பசை உண்டு. கண்ணுக்குத் தெரியாத மெல்லிய பிசுக்காக அது தட்டில் படிந்துவிட்டது. நீராவிச் சூட்டில் கிருமி சாகுமே தவிரப் பிசுக்குப் போகாது. நான் அரித்த குழி மேடெல்லாம் அப்படியே இருக்க, அதன்மேல் ஒரு எண்ணெய்ப் போர்வை. செல் எதைப் பிடிக்கும்?

கயல் என்னைப் பார்த்தாள். "எனக்குன்னு தனியாத் தொறந்து காட்டுனீங்களாண்ணே?" என்றாள். நான் தலையாட்டினேன். அவள் வெளியே போய்விட்டாள். அவள் நாலு வார்த்தை திட்டியிருந்தால் எனக்கு நிம்மதியாக இருந்திருக்கும். அவள் நன்றாக வர வேண்டும் என்று செய்தேன். அதுவே அவளைக் கவிழ்த்துவிட்டது. எனக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது.

அப்போதுதான் எஸ்தர் மேடம் சிரித்தார். அவர் வாய்விட்டுச் சிரித்து நாங்கள் யாருமே பார்த்ததில்லை. ஆசிட் கூண்டைப் பிடித்துக்கொண்டு, கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தார். "கலியபெருமாள், நீங்க அந்த மூணாவது சுத்த முடிச்சீங்க பாருங்க..." என்று சொல்லி மறுபடி சிரித்தார். பிள்ளைகள் எல்லாம் சேர்ந்துகொண்டன. வெளியே போன கயல் என்ன சத்தம் என்று திரும்பி வந்தாள். அழுத முகத்தோடு அவளும் சிரித்தாள். எனக்கு அழுவதா சிரிப்பதா என்று தெரியவில்லை. இரண்டையும் செய்தேன்.

சிரித்து முடித்ததும் மேடம் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "இது யூகம்தான். இன்னும் தெரிஞ்ச விஷயம் ஆவல. செஞ்சு பாக்கணும். எத்தன தட்டு வரும்?" என்றார்.

டைட்டானியக் கம்பி தீர்ந்துபோயிருந்தது. புதுக் கம்பி வருவதற்குள் கயலின் கெடு முடிந்துவிடும். லேத்தின் தாடையில் பிடித்திருந்த அடிக்கட்டை மட்டும் பாக்கி. சாதாரணமாக அதைத் தூக்கிப் போட்டுவிடுவோம். அதை எடுத்துத் திருப்பிப் பிடித்து, மூச்சைப் பிடித்துக்கொண்டு வெட்டினேன். எட்டுத் தட்டு வந்தது.

"எட்டையும் சுத்தமா வெச்சு என் செட்ட முடிச்சிடலாமே மேடம்?" என்றாள் கயல்.

"நாலு சுத்தமா. நாலுக்குப் புகை. இல்லன்னா ஏன் கெட்டுதுன்னு எவனாவது கேட்டா என்ன சொல்லுவ?"

கயல் எட்டுத் தட்டையும் ஒருமுறை எண்ணினாள். ஒரு தட்டு பிசகினாலும் அவளுக்கு வேறு வழியில்லை. பிறகு, "சரி மேடம்" என்றாள். உப்பளத்தில் பிறந்த பிள்ளை, லேசில் அசராது.

அதற்கப்புறம் நடந்ததை நினைத்தால் இப்போதும் எனக்குத் தலை சுற்றுகிற அளவுக்குச் சிரிப்பு வருகிறது. சாம்பிராணியை மருந்துத் தராசில் நிறுத்தோம். இத்தனை கிராம் என்று கயல் எழுதினாள். ஆசிட் கூண்டுக்குள் தூபக்காலை வைத்து, வெளியே இழுக்கும் விசிறியை அணைத்தோம். எஸ்தர் மேடம், ஞாயிறு தவறாமல் சர்ச்சுக்குப் போகிறவர், கையில் ஸ்டாப் வாட்சோடு நின்றார்.

"அன்னைக்கு எவ்வளவு நேரம் காட்டுனீங்க?"

"மூணு சுத்து மேடம். அப்புறம் ஒரு வேண்டுதல் சொல்லி முடிக்கிற நேரம்."

"வேண்டுதலச் சொல்லுங்க. நேரம் பாக்குறேன்."

'தாயே, இந்தப் புள்ளையக் கைவிட்டுடாத' என்று கயலை வைத்துக்கொண்டே சொன்னேன். மேடம் வாட்சைப் பார்த்துக் குறித்துக்கொண்டார். கயல் முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டாள்.

"அன்னைக்கு மணி அடிச்சீங்களா?"

"அடிச்சேன் மேடம்."

"அப்ப இன்னைக்கும் அடிக்கணும். புகைக்கும் அடிக்கணும், புகையில்லாத நாலு தட்டுக்கும் அடிக்கணும். கெடுத்தது புகையா மணியான்னு நாளைக்கு ஒரு சந்தேகம் வரக் கூடாது பாருங்க."

அவர் விளையாட்டுக்குச் சொல்லவில்லை. முகத்தில் சிரிப்பே இல்லை. எனவே முதலில் சுத்தமான நாலு தட்டுக்கு முன்னால் நின்று, வெறும் மணியை, மேடம் சொன்ன வினாடிக் கணக்குக்கு அடித்தேன். பிறகு மற்ற நாலுக்கு மணியும் புகையும் சேர்த்து. வராண்டாவில் போய்க்கொண்டிருந்த வேறு துறைப் பேராசிரியர் ஒருவர் எட்டிப் பார்த்து, செருப்பைக் கழற்றிவிட்டுக் கும்பிட்டுவிட்டுப் போனார். நாங்கள் அத்தனை பேரும் பல்லைக் கடித்துக்கொண்டு நின்றோம்.

தண்ணீர்ச் சொட்டு வைத்துப் பார்த்தோம். மணி மட்டும் கேட்ட தட்டில் பரவியது. புகை குடித்த தட்டில் உருண்டது. செல் வைத்தோம். அந்த மூன்று நாளும் நான் சரியாகச் சாப்பிடவில்லை. வெளியே மழை பிடித்துக்கொண்டது. சம்பா நட்டவர்கள் எல்லாம் மழையைக் கொண்டாடிக்கொண்டிருக்க, எனக்குக் கரண்டு போய்விடுமோ, செல்லைச் சூட்டில் வைத்திருக்கும் பெட்டி நின்றுவிடுமோ என்று ஒரே பயம். ஜெனரேட்டருக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தேன்.

மூன்றாம் நாள் கயல் முதலில் புகைத் தட்டை வைத்தாள். கறுப்பு. ஒன்றிரண்டு உருண்டை. பிறகு சுத்தமான தட்டு. குனிந்து பார்த்தவள் நிமிரவே இல்லை.

"என்னம்மா?" என்றேன்.

"கால நீட்டிட்டு நல்லாப் படுத்திருக்குண்ணே" என்றாள். நாலு தட்டும் அப்படியே. பச்சைப் பசேல் என்று, ஒன்றோடொன்று கை கோத்துக்கொண்டு, பாய் விரித்த மாதிரி. நான் ஆடினேன். உண்மையாகவே அந்த மைக்ராஸ்கோப் அறையில் ஒரு சுற்று ஆடினேன்.

மேடம் என் ரிஜிஸ்டரைக் கேட்டார். ஆயுத பூஜை நாளுக்கான பக்கத்தைத் திறந்து, "நடந்தத எழுதுங்க. எழுதுனத அடிக்க வேணாம், கீழ சேத்து எழுதுங்க" என்றார். எழுதினேன்: 'மூடியைத் திறந்து சாம்பிராணிப் புகை காட்டப்பட்டது. மூன்று சுற்று. மணி அடிக்கப்பட்டது. கலியபெருமாள்.' கயல் அந்தப் பக்கத்தையே தன் ஆய்வேட்டில் சேர்த்துவிட்டாள். கெடு முடிய இரண்டு நாள் இருக்கும்போது ஆய்வேடு போய்ச் சேர்ந்தது.

சில மாதம் கழித்து வாய்மொழித் தேர்வு. வெளியூரிலிருந்து வந்த தேர்வாளர் வயதானவர், சிரிக்கத் தெரியாதவர் என்று பேர் வாங்கியவர். அறை நிறைய ஆள். நான் கடைசி வரிசையில், வசந்தா செய்து கொடுத்த வடைத் தூக்கோடு உட்கார்ந்திருந்தேன். அவர் ஒவ்வொரு பக்கமாகக் கயலைத் துருவினார். அவளும் விடாமல் பதில் சொன்னாள். கடைசியில் ஒரு பக்கத்தில் நின்றார். அதுவரை இங்கிலீஷில் பேசிக்கொண்டிருந்தவர் தமிழுக்கு மாறினார்.

"மூணாவது செட் மொதல்ல ஃபெயில் ஆச்சு. அத மறைச்சிருக்கலாமே. ஏம்மா போட்டீங்க?"

"நடந்தது சார்" என்றாள் கயல்.

"இதுல கையெழுத்துப் போட்டிருக்கிற கலியபெருமாள் யாரு?"

நான் வடைத் தூக்கோடு எழுந்து நின்றேன்.

"மூணு சுத்துன்னு எழுதியிருக்கீங்க. வலமா, இடமா?"

"வலந்தான் சார்" என்றேன். அறை குலுங்கியது. அவர் சிரிக்கவில்லை. கயல் பக்கம் திரும்பினார்.

"மத்த நாலு தட்டுக்கு மணி மட்டும் அடிச்சிருக்கீங்க."

"ஆமா சார். மணியால செல் ஒட்டுறதுல எந்தப் பாதிப்பும் இல்ல சார்."

மறுபடி ஒரே சிரிப்பு. தேர்வாளர் கையை உயர்த்தினார். எல்லோரும் அடங்கினோம். "சிரிக்காதீங்க. இந்த ஆய்வேட்டுலயே ரொம்பச் சுத்தமான சோதனை இதுதான்" என்றார். பிறகு எஸ்தர் மேடத்தைப் பார்த்துத் தலையை ஒருமுறை ஆட்டினார். மேடம் "ம்" என்றார். அவ்வளவுதான். கயல் டாக்டர் ஆகிவிட்டாள்.

வடை தீர்ந்ததும் கயல் ஒரு வெள்ளைத் தாள் வாங்கி, நீல மையில் மூன்று வரி எழுதி, நேராகப் போய் ஆசிட் அறைக் கதவில் ஒட்டினாள். "இனிமே எவளுக்கும் இந்தக் கதி வரக் கூடாதுண்ணே" என்று என்னைப் பார்த்துச் சிரித்தாள். ஆய்வகத்தைச் சுற்றிப் பார்க்க வந்த தேர்வாளர் அந்த மூன்று வரியையும் படித்தார். இரண்டாம் முறை படித்தார். சட்டைப் பையிலிருந்து பச்சை மைப் பேனாவை எடுத்தார். ஆபீசர் கையெழுத்துப் போடப் போகிறார் என்று நாங்கள் ஒதுங்கி நின்றோம்.

"நிரூபிச்சத முழுசா எழுதணும்மா" என்று சொல்லிவிட்டு, கீழே நாலாவது வரியை எழுதினார்.

ஆகவே தம்பி, அதைக் கிழிக்காமல் ஓரம் நனைத்து மெதுவாக உரித்து, புதுக் கதவில் ஒட்டுங்கள். இந்த வருட ஆயுத பூஜைக்கு நான் வருகிறேன். மணி என்னிடம் இருக்கிறது.